பத்தாவது தடவை யாருடையது?

கனடா மத்திய வங்கி 2025 ஒக்டோபர் 29 அன்று தன் அடிப்படை வட்டியை 2.25 வீதத்துக்கு இறக்கியது. மூன்று வருடமாக வாயைத் திறக்காமல் இருந்த ஒரு புத்திமதி அதற்குப் பிறகு ரொறன்ரோத் தமிழர் நடுவே மறுபடி நடமாடத் தொடங்கியிருக்கிறது. “ஐந்து வருசத்துக்கு வட்டியை லொக் பண்ணிப் போடாதேங்கோ. வேரியபிளிலை விடுங்கோ. கணக்குப் பார்த்தா எப்பவும் அதுதான் லாபம்.” சொல்பவர் மோட்கேஜ் முகவராக இருக்கலாம், மச்சானாக இருக்கலாம், கலியாண மண்டபத்தில் பக்கத்துக் கதிரையில் இருப்பவராக இருக்கலாம். ஆள் மாறினாலும் தொனி மாறாது. நிலையான வட்டி எடுப்பவர் பயந்தாங்கொள்ளி. மாறும் வட்டி எடுப்பவர் கணக்குத் தெரிந்தவர்.

முதல் வீட்டை, வருமானத்தின் விளிம்பில் நின்று வாங்கும் ஒரு குடும்பத்துக்கு இது பிழையான புத்திமதி. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிரம்டனிலும் நம்மவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் வாங்குகிறார்கள்.

இந்தப் புத்திமதிக்கு ஒரு பிறப்பிடம் உண்டு. யோர்க் பல்கலைக்கழகத்தின் நிதியியல் பேராசிரியர் மோஷே மிலெவ்ஸ்கி 2001 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 1950 இலிருந்து 2000 வரையான கனடிய வட்டிகளை எடுத்து, ஐந்து வருட நிலையான வட்டியையும் மாறும் வட்டியையும் ஒப்பிட்டார். பத்துக்கு ஒன்பது தடவை அளவில் மாறும் வட்டிக்காரரே குறைவாகக் கட்டியிருப்பார் என்பது முடிவு. கணக்குச் சரியானது. அவருடைய கணக்கில் எனக்குச் சண்டை இல்லை. அது ஆய்வேட்டிலிருந்து விளம்பரத்துக்கும், விளம்பரத்திலிருந்து சாப்பாட்டு மேசைக்கும் இறங்கி வந்த வழியில் எதையெல்லாம் தொலைத்துவிட்டு வந்தது என்பதில்தான் சண்டை.

முதலில் தொலைந்தது காலம். கனடாவில் வட்டி உச்சிக்குப் போனது 1981 இல்; ஐந்து வருட மோட்கேஜ் வட்டி அந்த ஆண்டு 20 வீதத்தைத் தாண்டியது. அங்கிருந்து 2020 வரை, இடையிடையே மேடுபள்ளங்கள் இருந்தாலும், பாதை கீழ்நோக்கியே போயிற்று. நாற்பது வருடம் இறங்கிக்கொண்டே இருந்த வட்டியில் மிதந்துகொண்டிருந்தவர் வென்றார் என்பதில் என்ன அதிசயம்? அந்தக் காலத்தில் வாங்கியவர்களின் அனுபவமே பின்னர் அறிவுரையாயிற்று. 1995 இல் வீடு வாங்கிய மாமா பொய் சொல்லவில்லை. அவர் கட்டிய காலம் அப்படி.

அடுத்துத் தொலைந்தது, என் பார்வையில் பெரிய விஷயம். பத்தில் ஒன்று என்றால் நாம் அதை ஒரு சீட்டிழுப்புப் போல எண்ணிக்கொள்கிறோம்: பத்துப் பேர் இழுத்தால் ஒருவருக்கு வெறுஞ்சீட்டு, மற்ற ஒன்பது பேரும் சேர்ந்து அவருக்குக் கைகொடுக்கலாம். வட்டி அப்படி வருவதில்லை. தோற்கும் அந்தப் பத்திலொரு பங்கு ஐம்பது வருடத்தில் ஆங்காங்கே தூவிக் கிடக்கவில்லை. வட்டி வேகமாக ஏறிய காலங்களில் கட்டியாகக் கிடந்தது. வந்தால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வரும். வரும்போது தனியாகவும் வராது. வட்டி ஏறுவதால் வீட்டு விலை விழும், வாங்க வருபவர் குறைவார், வேலையும் ஆட்டம் காணலாம். விற்றுவிட்டு வெளியேறும் வழி மிகத் தேவையாக இருக்கும் அந்த மாதத்தில்தான் அந்த வழி அடைபட்டிருக்கும். கைமாற்றுக் கேட்கப்போகும் சகலனும் அதே மாறும் வட்டியில்தான் இருப்பார்.

ஒரு குடும்பம் தன் வாழ்நாளில் பெருங்கடனோடு வீடு வாங்குவது ஒரு தடவை. மிஞ்சினால் இரண்டு தடவை. பத்துத் தடவையின் சராசரி லாபத்தை யார் அனுபவிப்பது? ஆயிரக்கணக்கான கடன்களைக் கையில் வைத்திருக்கும் வங்கிக்குச் சராசரி என்பது அர்த்தமுள்ள சொல். ஒரேயொரு கடனை வைத்திருப்பவருக்கு அவருடைய ஐந்து வருடம் மட்டுமே உண்டு.

2022 இல் நடந்ததை இப்போது கணக்காகவே பார்ப்போம். பொதுவாகப் பேசினால் மாறும் வட்டிக்கான வாதம் எப்போதும் வென்றுவிடும். எண் போட்டால் தடுமாறும்.

2021 மார்ச்சில் 600,000 டொலர் கடன் எடுக்கும் ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். 25 வருடக் கடன். அப்போது வங்கிகளின் பிரைம் வட்டி 2.45. அதிலிருந்து 0.95 கழித்து 1.5 வீதத்தில் மாறும் வட்டி கிடைத்தது என்று கொண்டால், மாதத் தவணை 2,400 டொலர். அதே நாளில் ஐந்து வருடத்துக்கு 1.9 வீதத்தில் நிலையான வட்டி எடுத்திருந்தால் தவணை 2,510 டொலரளவு. தவணையில் வித்தியாசம் 110 டொலர். வட்டியாக மட்டும் பார்த்தால் தொடக்கத்தில் மாதம் 200 டொலருக்குச் சற்றுக் குறைவு. இதுதான் “வங்கிக்கு வீணாகக் கொட்டிக் கொடுக்கும் காசு”.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2022 மார்ச் 2 முதல் 2023 யூலை 12 வரை மத்திய வங்கி பத்துத் தடவை வட்டியை ஏற்றியது. 0.25 இலிருந்து 5 வீதம். 2022 யூலை 13 அன்று ஒரே நாளில் ஒரு முழு வீதம். பிரைம் 7.20 ஆயிற்று, நமது குடும்பத்தின் 1.5 வீதம் 6.25 ஆயிற்று. வட்டியோடு தவணையும் ஏறும் வகைக் கடன் என்றால், மாதம் 2,400 கட்டியவர் 3,800 டொலரளவு கட்ட வேண்டிவந்தது. நிலையான வட்டி எடுத்த பக்கத்து வீட்டுக்காரர் அதே 2,510 டொலரைக் கட்டிக்கொண்டிருந்தார்.

மாதம் 1,300 டொலர் வித்தியாசம். வரி கழித்துக் கையில் வரும் சம்பளத்திலிருந்து. பேஸ்மென்ற் வாடகையை ஏற்றிச் சமாளிக்கலாம் என்றால், ஒன்ராறியோவில் பழைய வீடுகளில் இருப்பவருக்கு வாடகை ஏற்றக்கூடிய உச்சவரம்பு 2022 இல் 1.2 வீதம், 2023 இல் 2.5 வீதம். வீட்டுக்காரரின் வட்டிக்கு உச்சவரம்பு இல்லை, வாடகைக்கு உண்டு. இந்த ஒருபக்கச் சுருக்கைப் பற்றி மாறும் வட்டியைப் புகழ்பவர் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

“இல்லை, என்னுடைய வேரியபிளிலை தவணை மாறாது” என்று நிம்மதியாக இருந்தவர்களின் கதை இதைவிட மோசம். கனடாவின் பெரிய வங்கிகள் சிலவற்றில் மாறும் வட்டிக் கடனுக்கும் தவணை மாறாது. வட்டி ஏறும்போது தவணைக்குள் வட்டியின் பங்கு கூடி, முதலின் பங்கு குறையும். ஒரு கட்டத்தில் தவணை முழுவதும் வட்டிக்கே போய்விடும். அந்தப் புள்ளிக்குத்தான் ட்ரிகர் வட்டி என்று பெயர். நமது 600,000 டொலர்க் குடும்பத்துக்கு அது 5 வீதத்தைச் சற்றுத் தாண்டிய இடம். 2022 டிசம்பர் ஏற்றத்தோடு அதைக் கடந்துவிட்டார்கள். 2023 யூலையில் மாத வட்டி மட்டுமே 2,950 டொலர். கட்டியது 2,400. மிச்சம் 550 டொலர் எங்கே போயிற்று? பீஎம்ஓ, ரீடி, சிஐபிசி ஆகிய வங்கிகள் அதைக் கடனோடு சேர்த்துக்கொள்ள இடங்கொடுத்தன. மாதாமாதம் தவறாமல் தவணை கட்டியும் கடன் வளர்ந்தது.

இது யாரோ நாலு பேருக்கு வந்த வில்லங்கம் அல்ல. தவணை மாறாத மாறும் வட்டிக் கடன்களில் ஏறத்தாழப் பாதி, 2022 ஒக்டோபர் முடிவதற்குள் ட்ரிகர் வட்டியை எட்டிவிட்டதாக மத்திய வங்கியின் ஆய்வுக்குறிப்பே சொன்னது. அடுத்த ஆண்டு பெரிய வங்கிகள் சிலவற்றின் அறிக்கைகளில், 35 வருடத்துக்கு மேல் இழுபடும் கடன்கள் மொத்த வீட்டுக்கடனில் கால்வாசி அளவில் நின்றன. 25 வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் அவர்கள்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு தன் துரும்பை இறக்கும்: “வட்டி ஏறத் தொடங்கினால் அப்போது லொக் பண்ணிவிடலாம். மாறும் வட்டியிலிருந்து நிலையான வட்டிக்கு எந்த நாளும் மாறலாம், தண்டமும் இல்லை.” ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வாசல் இருப்பது உண்மை. ஆனால் அந்த வாசல் எப்போது திறந்திருக்கும் என்று பாருங்கள். மாறும் வட்டி மத்திய வங்கியின் கூட்டத்தில் தீர்மானமாகிறது. நிலையான வட்டி பிறப்பது வேறிடத்தில், அரசாங்கத்தின் ஐந்து வருடக் கடன்பத்திரச் சந்தையில். சந்தை மத்திய வங்கிக்காகக் காத்திருப்பதில்லை. 2022 தொடக்கத்தில் ஐந்து வருடப் பத்திரத்தின் வருவாய் ஒன்றரை வீதத்தைச் சுற்றி நின்றது. யூன் நடுப்பகுதியில் மூன்று வீதத்தைத் தாண்டிவிட்டது. மத்திய வங்கியின் வட்டி அன்றைக்கு இன்னமும் 1.5 தான். அதாவது மாறும் வட்டிக்காரர் “ஐயோ, ஏறுதே” என்று முதன்முதலாகத் திடுக்கிட்ட நாளில், லொக் பண்ணும் விலை ஏற்கெனவே இரட்டிப்பாகியிருந்தது. அவர் கையில் இருந்த, 3 வீதத்துக்கும் குறைந்த கடனை விட்டு 4.5 வீதத்துக்குப் போக மனம் வருமா? வராது. “கொஞ்சம் பார்ப்போம்” என்றார்கள். பார்த்தார்கள். 2023 கோடையில், நித்திரை தொலைந்த பிறகு, 6 வீதத்துக்குக் கிட்ட லொக் பண்ணினார்கள். அடுத்த யூனில் மத்திய வங்கி இறக்கத் தொடங்கியது.

இப்போது, கடைசியில் லொக் பண்ணிய அந்த ஆட்களைக் காட்டியே “பார்த்தீர்களா, லொக் பண்ணியவன் நட்டப்பட்டான்” என்கிறார்கள்! அவர்கள் நட்டப்பட்டது லொக் பண்ணியதால் அல்ல, லொக் பண்ணுவதை ஊகமாக மாற்றியதால். வீடு வாங்கும் நாளில், வட்டி எங்கே போகும் என்று தெரியாத நிலையில் எடுக்க வேண்டிய முடிவை, தெரிந்துவிட்டது என்று நினைத்த நாளில் எடுத்தார்கள். இன்னொன்றும் உண்டு. நடுவழியில் மாற்றும்போது வங்கி தருவது தன் சிறந்த விலையாக இருக்க வேண்டியதில்லை. புதிதாக வருபவரிடம் பேரம் பேசும் வங்கி, ஏற்கெனவே தன் முற்றத்தில் நிற்பவரிடம் எதற்குப் பேச வேண்டும்?

மத்திய வங்கியின் ஆளுநர் ரிஃப் மக்லெம்மை இன்றைக்கும் திட்டுபவர்கள் இருக்கிறார்கள். 2020 யூலையில் அவர், வட்டி நீண்ட காலத்துக்குக் குறைவாகவே இருக்கும், வீட்டுக்கடன் எடுப்பவர்கள் அதை நம்பலாம் என்ற பொருள்பட வெளிப்படையாகச் சொன்னார். இருபது மாதத்தில் ஏற்றத் தொடங்கினார். திட்டுவதில் நியாயம் உண்டுதான். ஆனால் அவருடைய வார்த்தை ஒரு கணிப்பு. உங்கள் மோட்கேஜ் ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்து இல்லை. நாட்டின் வட்டியைத் தன் கையில் வைத்திருப்பவருக்கே தன் வட்டி எங்கே போகும் என்று தெரியாதபோது, ஞாயிற்றுக்கிழமை திறந்தவீடு காட்டும் முகவருக்குத் தெரியும் என்று எப்படி நம்புவது?

இதுவரை சொன்னது பணக்கணக்கு. இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாத, என்னை உண்மையில் கோபப்படுத்தும் பகுதி வேறு.

2022 இன் தொடக்கத்தில் கனடாவில் புதிதாக எடுக்கப்பட்ட வீட்டுக்கடன்களில் பாதிக்கு மேல் மாறும் வட்டி. அத்தனை பேரும் மிலெவ்ஸ்கியின் ஆய்வைப் படித்து, ஆபத்தை எடைபோட்டு, துணிந்து எடுத்தார்களா? இல்லை. அந்த மாதங்களில் நடந்த ஒரு கூத்தைப் பார்க்க வேண்டும். கனடாவில் கடன் தருமுன் வங்கி ஒரு தாங்குசோதனை வைக்கும். ஸ்ற்ரெஸ் ரெஸ்ற் என்று எல்லோரும் சொல்வது. நீங்கள் எடுக்கும் வட்டியோடு 2 வீதம் கூட்டி வரும் எண், அல்லது 5.25 வீதம், இரண்டில் எது பெரிதோ அந்த வட்டியில் உங்களால் கட்ட முடியுமா என்று பார்ப்பார்கள். 2022 வசந்தத்தில் நிலையான வட்டி 4 வீதத்தைத் தாண்டியது. அப்படியென்றால் சோதனை 6 வீதத்துக்கு மேல். மாறும் வட்டி அப்போது 2 வீதத்தைச் சுற்றியிருந்தது. அதற்குச் சோதனை 5.25 மட்டும். ஒரே சம்பளம், ஒரே வீடு. மாறும் வட்டி எடுத்தால் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கடன் கிடைக்கும். நிலையான வட்டி எடுத்தால் வீடு கைநழுவும்.

எது நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. “பிக்ஸ்ட்டிலை உங்களுக்குக் காணாது அண்ணை, வேரியபிளிலை சரிவரும்” என்ற ஒரு வசனத்தில் எத்தனையோ வீடுகள் கைமாறின. ஆபத்தைத் தாங்கும் வலு மிகக் குறைந்தவர்களுக்கே, அவர்களிடம் வலு குறைவு என்ற அதே காரணத்தால், ஆபத்து மிகக் கூடிய கடன் கொடுக்கப்பட்டது. சோதனையின் நோக்கம் அவர்களைக் காப்பது. சோதனையின் கணிதம் அவர்களை ஆற்றுக்குள் தள்ளியது. அதற்குப் பிறகு அந்தத் தேர்வுக்கு ஒரு தத்துவம் தேவைப்பட்டது. “கணக்குப் பார்த்தால் வேரியபிள்தான் லாபம்” என்பது கைவசம் தயாராக இருந்தது.

2022 இன் அந்தத் தொடக்கம் ரொறன்ரோப் பெரும்பாக வீட்டு விலையின் உச்சமும்கூட. 2022 பெப்ரவரியில் சராசரி விலை 1.33 மில்லியன் டொலர். அதே ஆண்டு டிசம்பரில் 1.05 மில்லியன். உச்ச விலைக்கு வாங்கியவர், விலை சரிய, தவணை ஏற, விற்கவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் நின்றார். நான் முன்னர் சொன்ன கட்டி இதுதான்.

கட்டிமுடியாத வீட்டுக்கு முற்பணம் கொடுத்து வைத்தவர்களின் சங்கதி தனி. சாதாரணமாக வீடு தேடுபவர் ஒருவருக்கு வங்கிகள் 90 இலிருந்து 120 நாள் வரை ஒரு வட்டியைப் பிடித்து வைக்கும். அதற்குக் காசில்லை, இடையில் வட்டி இறங்கினால் இறங்கிய வட்டி பொதுவாகக் கிடைத்துவிடும். காசில்லாமல் கிடைக்கும் அந்தப் பாதுகாப்பைக்கூட “வட்டி இறங்கும், பொறுங்கோ” என்ற பேச்சில் விட்டவர்கள் உண்டு என்பது ஒரு பக்கம். 2021 இல் கொண்டோ வாங்கி 2023 இலோ 2024 இலோ திறப்பு எடுக்க இருந்தவருக்கு அந்த நாலு மாதப் பிடி எந்த மூலைக்குக் காணும்? விலையை இரண்டு மூன்று வருடம் முன்னரே பூட்டிவிட்டு வட்டியைத் திறந்தே விட்ட பேரம் அது. அதைத் துணிச்சல் என்று அப்போது மெச்சினோம்.

எதிர்த்தரப்பிடம் வலுவான வாதமே இல்லை என்று சொன்னால் நான் நேர்மையாகப் பேசவில்லை என்றாகும். அவர்களின் வலுவான வாதம் தண்டப்பணம். ஐந்து வருட நிலையான வட்டியை நடுவில் முறித்தால், மூன்று மாத வட்டி அல்லது வட்டி வித்தியாசக் கணக்கு, இரண்டில் பெரியதைக் கட்ட வேண்டும். பெரிய வங்கிகள் இந்த வித்தியாசத்தைத் தாங்கள் தரும் உண்மையான வட்டியை வைத்துப் போடுவதில்லை. பலகையில் எழுதி வைத்திருக்கும், யாரும் கட்டாத வட்டியை வைத்துப் போடுவார்கள். தொகை பத்தாயிரக்கணக்கில் போகலாம். விவாகரத்து, வேலைமாற்றம், பெரிய வீடு, பிள்ளைகளின் படிப்பு என்று மக்கள் ஐந்து வருடம் முடியுமுன் கடனை முறிப்பது வழமையான சங்கதி. மாறும் வட்டிக்கு மூன்று மாத வட்டியோடு கதை முடிந்தது. இதை நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். இரண்டு வருடத்தில் விற்கும் எண்ணம் உள்ளவர் ஐந்து வருடத்துக்கு லொக் பண்ணுவது மடமை.

ஆனால் அந்தப் பெருந்தண்டம் எப்போது வரும்? வட்டி இறங்கியிருக்கும்போது. ஏறியிருக்கும்போது வட்டி வித்தியாசம் பூச்சியமாகிவிடும். மூன்று மாத வட்டிதான் மிஞ்சும், அதுவும் பழைய குறைந்த வட்டியில். 2023 இல் 1.9 வீதக் கடனை முறித்தவருக்கு 550,000 டொலர் மீதியில் அது 2,600 டொலரளவு. அதே நாளில் 6.25 வீத மாறும் வட்டியை முறித்தவருக்கு 8,600 டொலரளவு. தவிரவும் ஐந்து வருடம் ஒன்றும் வேதவாக்கல்ல. மூன்று வருடம் இருக்கிறது, கடனைப் புது வீட்டுக்குக் கொண்டுபோகும் வசதி இருக்கிறது, தண்டத்தை நியாயமாகக் கணக்கிடும் கடன் கொடுப்போர் இருக்கிறார்கள். தண்டம் பற்றிய வாதம் சொல்லித் தருவது, எந்த ஒப்பந்தத்தில் லொக் பண்ணுவது என்று கவனிக்கும்படி. லொக் பண்ணாதே என்று அது சொல்லவில்லை.

அண்மையில் இன்னொரு வாதம் கிளம்பியிருக்கிறது. 2021 இல் லொக் பண்ணியவர்களுக்கு 2026 இல் புதுப்பிக்கும் காலம். “அவையளுக்கும் இப்ப அடிதானே? தள்ளிப்போட்டதுதானே மிச்சம்?” தள்ளிப்போட்டது என்ற சொல்லைச் சற்று விரித்துப் பார்ப்போம். நமது 1.9 வீதக் குடும்பத்துக்கு 2026 மார்ச்சில் மீதிக் கடன் 501,500 டொலரளவு. அறுபது தவணையில் 98,000 டொலருக்கு மேல் முதல் அடைபட்டிருக்கிறது. 4 வீதத்தில் மிச்ச 20 வருடத்துக்குப் புதுப்பித்தால் தவணை 3,030 டொலரளவு. 520 டொலர் ஏற்றம். வலிக்கும். ஆனால் அந்த நாள் ஐந்து வருடம் முன்னரே நாட்காட்டியில் குறித்து வைத்த நாள். இடையில் சம்பளம் ஏறியிருக்கிறது, கடைசிப் பிள்ளைக்குப் பராமரிப்புக் காசு நின்றிருக்கிறது. மற்றக் குடும்பத்துக்கு 1,400 டொலர் ஏற்றம் பதினாறு மாதத்துக்குள் வந்தது, கடன் ஏறத்தாழ எடுத்தபடியே இருந்தபோது. இரண்டும் ஒன்றென்று சொல்பவர் மாதக்கடைசியில் தவணைக்கு அலைந்தவராக இருக்க முடியாது.

நிலையான வட்டிக்குக் கொடுக்கும் கூடுதல் காசை நட்டம் என்று எழுதும் பழக்கத்தில்தான் எல்லாக் குழப்பமும் தொடங்குகிறது. பிரம்டனில் கார்க் காப்புறுதிக்கு நாம் கட்டும் தொகை ஊரறிந்தது. விபத்தில்லாமல் ஒரு வருடம் போனால் “காப்புறுதிக் காசு வீணாய்ப் போச்சு” என்று யாரும் அழுவதில்லை. மாதம் 200 டொலருக்கு உட்பட்ட ஒரு தொகை, வாழ்நாளின் மிகப் பெரிய கடனில் மாதம் 1,400 டொலர் அடியைத் தடுக்குமென்றால் அது மலிவான காப்புறுதி. மலிவாக இருந்த அந்த 2021 இல் அதை வாங்காதே என்று சொன்னவர்கள்தான் இன்று மறுபடி அதே புத்திமதியோடு வருகிறார்கள்.

எல்லையின் தெற்கே இந்தச் சண்டையே பெரிதாக இல்லை. அமெரிக்காவில் வழமையான வீட்டுக்கடன் 30 வருட நிலையான வட்டி. 1930களின் மந்தத்தில் குறுங்காலக் கடன்கள் புதுப்பிக்க முடியாமல் வீடுகள் பறிபோனதைக் கண்ட பிறகு, அரச உத்தரவாதத்தோடு கட்டியெழுப்பிய ஏற்பாடு. 2021 சனவரியில் அந்த வட்டி 2.65 வீதம் வரை இறங்கியது. அப்போது எடுத்தவர் 2051 வரை அதையே கட்டுவார். வட்டி இறங்கினால் பெரும்பாலும் தண்டமில்லாமல் புதிய கடனுக்கு மாறியும் கொள்வார். அங்கே லொக் பண்ணுவதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்வதில்லை. கனடியருக்குக் கிடைப்பது ஐந்து வருடம். அந்த ஐந்தையும் வேண்டாமென்று சொல்லச் சொல்கிறார்கள்.

மாறும் வட்டி யாருக்குமே ஆகாது என்பதல்ல என் வாதம். கடன் சிறிதாக, சேமிப்புப் பெரிதாக, இருவர் வேலையும் உறுதியாக உள்ள குடும்பம் மிதந்து பார்க்கலாம். பெரும்பாலும் லாபமாகவே முடியும். மிலெவ்ஸ்கியின் ஒன்பது தடவையும் அவர்களுடையவை, ஏனென்றால் பத்தாவது தடவை வந்தாலும் அவர்கள் வீட்டிலேயே இருப்பார்கள். ஐந்து வீதம் முற்பணம் திரட்டவே சீட்டுப் பிடித்த குடும்பத்துக்கு அந்தப் பத்தாவது தடவை ஒன்றே போதும்.

ஆகவே வீடு வாங்கப்போகும் தம்பி, தங்கச்சிக்குச் சொல்வது: வட்டி எங்கே போகும் என்று முகவரிடம் கேட்காதீர்கள். ஒரு தாளைக் கேளுங்கள். அதில் இன்றைய வட்டியில் உங்கள் தவணையும், வட்டி 3 வீதம் ஏறினால் வரும் தவணையும், ட்ரிகர் வட்டி எத்தனை என்பதும், நடுவில் முறித்தால் கட்டும் தண்டமும் எண்ணில் எழுதியிருக்க வேண்டும். இரண்டாவது எண்ணை, பேஸ்மென்ற் வாடகையைக் கழித்துவிட்டு, உங்கள் சம்பளத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். கட்ட முடியாதென்றால் லொக் பண்ணுங்கள். லொக் பண்ணினால் கடன் கிடைக்காதென்றால் அந்த வீடு உங்களுக்கு இன்னும் எட்டவில்லை. சின்ன வீட்டைப் பாருங்கள். அந்தத் தாளைத் தர மறுக்கும் முகவரிடம் கையெழுத்து வைக்க வேண்டாம்.